கட்டிலைத் தூக்கிக்கிட்டு எங்கே கெளம்பிட்டே, கண்ணு?

வா கண்ணு, உக்காரு. வேன் வாங்கிட்டியாமா? வாங்கினதோட உட்டியா? சீட்டையெல்லாம் களட்டிப் போட்டுட்டு, ப்ளைவுட்டுல கட்டில் அடிச்சு, அதுக்கு அடியில ட்ராயர் வெச்சு, ஜன்னலுக்குப் பூப்போட்ட ஸ்கிரீன் மாட்டி, கூரையில சோலார் தகடு போட்டு, உள்ளார சரஞ்சரமா மினுக்கு லைட்டு கட்டி வெச்சிருக்கறே. மாரியம்மன் நோம்பிக்குக்கூட நம்மூர்ல இத்தனை லைட்டு கட்ட மாட்டாங்களே! கையில அமுக்கி அமுக்கிக் காபி எறக்கற மெஷின் ஒண்ணு. மடக்கு நாற்காலி ஒண்ணு. மடக்கு மேசை ஒண்ணு. மடக்கு அடுப்பு ஒண்ணு. அந்த வண்டியில மடங்காம இருக்கறது நீ ஒருத்தன்தான்.

எதுக்கு இத்தனையும்? தனியா ஊரு சுத்தப் போறேன், வழியில பார்க்குலயும் காட்டுலயும் வேனை நிறுத்தி உள்ளயே தூங்கி எந்திரிக்கப் போறேங்கறே. போ. வேண்டாம்னு ஆரு சொன்னா? எளவட்டம் சுத்தாம என்னையாட்டம் கெழவனா சுத்துவான்? ஆனா ஒண்ணு கேக்கறேன். இதை நீ எந்த ஊர்ல நின்னுக்கிட்டுச் சொல்றே? நாமக்கல்லுல நின்னுக்கிட்டு, வண்டிக்குள்ள குடித்தனம் பண்றதை நீதான் கண்டுபுடிச்சேன்னு சொல்றியே, அந்தத் தைரியத்துக்கே உனக்கு ஒரு மாலை போடலாம்.

நீ வாங்கியிருக்கறது ஈகோ. அதோட அண்ணன் ஆம்னி. 1984-ல மாருதி வேன்னு வந்தது, 2019-ல நிறுத்திப்போட்டாங்க. அந்த 35 வருசத்துல நம்ம சீமையில ஆம்னி செய்யாத சோலி உண்டா? விடியக்காலம் முட்டை. அப்பறம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. பொழுதோட பள்ளிபாளையம் தறிக்கு நூலு. ராத்திரி வலி எடுத்த பொம்பளைய ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு. சினிமாக்காரன் மட்டும் அதை ஆளைக் கடத்தறதுக்கு வெச்சுக்கிட்டான். அந்த ஆம்னி எதுவும் பக்கவாட்டுல இங்கிலீசுல பேரு எழுதிக்கிட்டுத் திரியல. உன்ற வண்டிக்குப் பேரு வெச்சிருக்கியாமே, 'நாடோடி'ன்னு? மாசாமாசம் இஎம்ஐ கட்டற நாடோடியை இப்பத்தான் கண்ணு பார்க்கறேன்.

சீட்டைக் களட்டுனியே, பிரேக் இன்ஸ்பெக்டரைக் கேட்டியா? ஆர்சி புக்குல என்ன இருக்குதோ அதுதான் வண்டியிலயும் இருக்கோணும். கம்பெனி குடுத்ததை நீயா மாத்தப்படாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ம் பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அடிச்சுச் சொல்லிருச்சு. கேரளாக்காரங்க 2021-லயே கேரவன் சுற்றுலான்னு கொள்கை போட்டு, வண்டிக்கும் முறை வெச்சு, அதை நிறுத்தறதுக்கும் தனி எடம் வேணும்னு எழுதி வெச்சாங்க. நீ யூடியூப்பைப் பார்த்து ஸ்பேனரை எடுத்துட்டே. சீட்டைத் திருப்பி மாட்டு. சாச்சுப் போட்டு மேல ஒரு பலகையைப் போட்டா அதுதான் கட்டிலு. காலையில தூக்கி ஓரமா வெச்சுக்க. இதுக்கு எதுக்குத் தச்சு ஆசாரியும், அவருக்கு ஒரு வாரக் கூலியும்?

சட்டம் கெடக்கட்டும். நான் சொல்ல வந்த பழமை வேற.

இந்த மண்ணுல மழை கம்மி. கெணத்துத் தண்ணி கீழ கீழ போயிருச்சு. வெள்ளாமை சோறு போடாதப்ப நம்ம சனம் காட்டை அடமானம் வெச்சு லாரி வாங்குச்சு. நாமக்கல்லுல பாடி கட்டுனாங்க. சங்ககிரியில வீட்டுக்கு முன்னாடி மாட்டுவண்டி நின்ன எடத்துல லாரி நின்னுச்சு. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டி கட்டுனாங்க. தென்னாட்டுல சமையல் கேஸ் ஏத்திக்கிட்டு ஓடற டேங்கர் லாரிக்காரங்க சங்கம் இருக்கறதும் நாமக்கல்லுலதான். உன்ற வீட்டு அடுப்பு எரியறதுக்கு ஒருத்தன் எத்தனை ராத்திரி கேபின்ல தூங்கியிருப்பான்னு ரோசனை பண்ணிப் பார்த்தியா?

ரிக்கு வண்டிக்காரங்களைப் பாரு. முன்னாடி மெஷின் வண்டி. பொறகால ராடு, பைப்பு, டீசல், அரிசி மூட்டை, ஆளுங்க எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இன்னொரு லாரி. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு போனா மாசக்கணக்குல வீட்டுப் பக்கம் வர மாட்டாங்க. நம்ம ரிக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்குது. போன எடத்துல எவன் காட்டுல போர் போடறாங்களோ அந்தக் காட்டுலயே சமையலு, அங்கயே தூக்கம். தார்ப்பாயை லாரியில ஒரு பக்கம் கட்டி, இன்னொரு பக்கம் ரெண்டு ராடுல இழுத்துக் கட்டுனா வீடு. அவங்க ஆரும் 'என்னை நானே தேடிப் போறேன்'னு சொல்லல. வேலை தேடிப் போனாங்க. வேலை கெடச்சதும் அவங்களும் கெடைச்சுட்டாங்க.

லாரிச் சமையலைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கியா? பாடிக்கு அடியில பக்கவாட்டுல ஒரு தகரப் பொட்டி இருக்கும். அதைத் தொறந்தா ஒரு பம்பு ஸ்டவ்வு, நசுங்கின அலுமினியப் போசி ரெண்டு, ஹார்லிக்ஸ் சீசாவுல உப்பு, நியூஸ் பேப்பர்ல மடிச்ச புளி, மொளகாப்பொடி டப்பா. அவ்வளவுதான். வண்டி நின்னதும் கிளீனர் குதிச்சு எறங்கி மொதல்ல பின் சக்கரத்துக்குக் கல்லு வெப்பான். சமையலுக்கு முன்னாடி அதுதான். அப்பறம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பான். காத்துக்கு மறைவா டயருக்கு இந்தப் பக்கம் ஸ்டவ்வை வெச்சு, கிண்ணத்துல கொஞ்சூண்டு மண்ணெண்ணெயை ஊத்திப் பத்த வெச்சு, தலை சூடேறின பொறகுதான் பம்பு அடிப்பான். அவசரப்பட்டு முன்னாலயே அடிச்சா தீ நட்டமா மூஞ்சிக்கு வரும். ஓட்டை அடைச்சுக்கிட்டா குத்தறதுக்கு ஒரு பின்னு, அது அவன் சட்டைக் காலர்ல குத்தியிருக்கும். அரிசி கொதிக்கற போசியிலயே ரெண்டு உருளைக்கெழங்கு, நாலு முட்டை. எல்லாம் ஒண்ணா வெந்துரும். வடிச்ச கஞ்சி வீணாப் போகாது, உப்புப் போட்டுக் குடிச்சுருவான். தக்காளியைக் கையாலயே பெசஞ்சு ரசம். வெங்காயத்தை வட்டல்ல வெச்சு முட்டியால ஒரு குத்து. அரை மணி நேரத்துல ரெண்டு பேரு சாப்புட்டு, போசி கழுவி, பொட்டிக்குப் பூட்டுப் போட்டாச்சு.

நீ மடக்கு அடுப்போட செட்டிங்குப் புத்தகத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் தொப்பூர் தாண்டிருப்பான்.

இப்பக் காலம் மாறிருச்சு. சின்ன சிலிண்டரு வந்துருச்சு. 2025-லிருந்து புதுசா வர்ற பெரிய லாரிக்குக் கேபின்ல ஏசி இருந்தே ஆகோணும்னு சட்டமே வந்துருச்சு. நல்லதுதான். இஞ்சின் சூட்டுக்கு மேலயே உக்காந்து நாக்பூர் வெயில்ல வெந்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். கிளீனர்ப் பசங்க ராத்திரி லோடு மேல ஏறித் தார்ப்பாய்க்குள்ள படுத்துக்குவாங்க. வானத்துல நட்சத்திரம் தெரியும். அதுக்கு அவங்ககிட்ட ஒருத்தரும் டிக்கெட் கேக்கல, அவங்களும் அதைப் போட்டோ புடிச்சு ஒருத்தருக்கும் அனுப்பல.

அடுத்து இந்தத் 'தனியா'. தனியாப் போறேன் தனியாப் போறேன்னு எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கறே? ஒருத்தன் தனியாப் போறதுக்கு ஊரே வழியனுப்ப வரோணுமாக்கும். போற வழியெல்லாம் போனைக் குச்சியில சொருகி, 'ஹாய் மக்களே'ன்னு அதுகிட்டப் பேசிக்கிட்டே போறே. பக்கத்து டேபிள்ல டீ குடிக்கற மனுசனைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறே. அமெரிக்காவுல ஜான் ஸ்டீன்பெக்னு ஒரு எழுத்தாளர் 1960-ல சின்ன லாரி மேல கூண்டு கட்டிக்கிட்டு அந்த நாட்டைச் சுத்துனாராம். என்ற பேரன் சொன்னான். அவரு தொணைக்கு ஒரு நாயைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நாயைப் பார்த்தா நாலு பேரு பக்கத்துல வருவாங்க, பேச்சுக் குடுப்பாங்க. உன்ற போனைப் பார்த்தா நாலு பேரு தள்ளிப் போறாங்க.

எடப்பாடிக்காரங்களைக் கேளு. தைப்பூசம் முடிஞ்சு பழனிக்குக் காவடி எடுத்துக்கிட்டு நடந்தே போறாங்களே, அந்தக் கூட்டம். வழி நெடுக எங்க சமையலு, எங்க தூக்கம், எந்தத் தோப்புல தண்ணின்னு தலைமொறை தலைமொறையா எழுதாத கணக்கு வெச்சிருக்கறாங்க. டன் கணக்குல பஞ்சாமிர்தம் பண்றாங்க. பழனி மலை மேல ராத்திரி தங்கறதுக்கு வேற ஆருக்கும் அனுமதியில்ல, அவங்களுக்கு மட்டும் ஒரு ராத்திரி உண்டு. எத்தனையோ காலமாச் சொல்லி, கேட்டு, நடந்து சம்பாரிச்ச உரிமை அது. கூரைமேல டெண்டு வாங்கி வந்தது இல்ல.

அட, நம்ம நாமக்கல் ஆஞ்சநேயரையே பாரேன். 18 அடி உசரம், மேல கூரையே இல்லாம வெயிலுக்கும் மழைக்கும் நிக்கறாரு. சோலார் தகடு கேட்டாரா?

சரி, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவே? இதைச் சொல்லு மொதல்ல. பார்க்குலங்கறே. அமெரிக்காவுல 1872-ல எல்லோஸ்டோன்னு ஒரு பெரிய காட்டையே பார்க்குன்னு அறிவிச்சுட்டாங்க. இன்னைக்கு அங்கெல்லாம் வண்டி நிறுத்த நம்பர் போட்ட எடம், தண்ணிக் குழாய், கக்கூஸ், கரடி தொறக்க முடியாத இரும்புப் பொட்டி எல்லாம் வெச்சிருக்கறாங்க. காசு கட்டுனா அந்த ராத்திரிக்கு உன்ற எடம். அந்த வீடியோவைப் பார்த்துட்டு நீ இங்க கெளம்பறே. நம்மூருப் பார்க்கு என்ன பார்க்கு? ஏற்காடு ஏரிக்கரைப் பூங்காவா? மேட்டூர் அணைப் பூங்காவா? ஜேடர்பாளையம் அண்ணா பூங்காவா? பகல்ல போ, பொரிச்ச மீனு தின்னு, ஊஞ்சல் ஆடு. பொழுது சாஞ்சா வாட்ச்மேன் விசில் ஊதுவான். சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுல ராத்திரி தங்கறதுக்கு எடம் இருக்குது. ஆனா அது கம்பிக்கு அந்தப் பக்கம், மானுக்கும் மயிலுக்கும்.

காட்டுக்குள்ள போயி நிறுத்திக்கறேங்கறியா? கொல்லிமலைக் காடும் சேர்வராயன் மலைக் காடும் பெரும்பகுதி வனத்துறையோட காப்புக்காடு. சீட்டு வாங்காம உள்ள பூந்தா குத்தம். தீ மூட்டுனா அதைவிடப் பெரிய குத்தம். வனத்துறைக்காரன் கெடுபிடி பண்றான்னு மொணங்காதே. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி குரங்கணிக் காட்டுல தீப்புடிச்சு, மலையேறப் போன புள்ளைங்க 23 பேரு செத்துப்போச்சுங்க. வேலைக்குப் போயிட்டு வாரக் கடைசியில மலை பார்க்கப் போன உன்ற வயசுப் புள்ளைங்க. அதுக்கப்பறம்தான் மலையேறறதுக்குத் தனி விதியே போட்டாங்க. 2024-ல 40 பாதையைத் தொறந்து, முன்னாலயே பதிவு பண்ணி, வழிகாட்டியோட போன்னு வெச்சாங்க. ஆசையிருந்தா அப்படிப் போ.

கண்ணு, நம்ம நாட்டுல காலி எடம்னு ஒண்ணு இல்ல. வேலியில்லாத காடு தெரியுதா? அது பங்காளிச் சண்டையில கோர்ட்டுல நிக்கற காடு. நீ வண்டியை நிறுத்தினா ரெண்டு பங்காளியும் உன்னை எதிராளியோட ஆளுன்னு நெனச்சுக்கிட்டு வருவான். புல்லு மொளச்ச மேடா? அது ஆடு மேய்க்கறவன் கெடை போடற எடம். பொறம்போக்கா? அதுல ஒருத்தன் வெறகு அடுக்கியிருப்பான், இன்னொருத்தன் எருக்குழி வெட்டியிருப்பான், மூணாவதா ஒரு முனியப்பன் உக்காந்திருப்பாரு. மூணு பேர்ல முனியப்பன்தான் கொஞ்சம் விட்டுக்குடுப்பாரு. அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி கேளு. வாயைத் தொறந்து கேளு. இவ்வளவுதான் இதுல இருக்கற வித்தை. இதைச் சொல்லிக் குடுக்க எந்த ஆப்பும் இல்ல.

எப்படிக் கேக்கறது? அதுக்கும் முறை இருக்குது. பொழுது எறங்கறதுக்கு முன்னாடி போ. இருட்டுல வர்றவனை ஆரும் நம்ப மாட்டான். கண்ணாடியை எறக்கிக் கேக்காதே, வண்டியை விட்டு எறங்கிக் கேளு. கூலிங் கிளாஸைக் களட்டு. எந்த ஊரு, ஆரு பையன், எங்க போறேன்னு மூணும் நீயாவே சொல்லிரு. கேட்டாச் சொல்லிக்கலாம்னு நிக்காதே. டீக்கடைன்னா மொதல்ல ஒரு டீ வாங்கு. லாரிக்காரன் பாஷை தெரியாத ஊர்லயும் இப்படித்தான் எடம் புடிச்சான். கையை மடிச்சுத் தலைக்கு வெச்சுக் காட்டி, வயித்தைத் தடவிக் காட்டுனா தூக்கமும் சோறும் எந்த மாநிலத்துலயும் புரியும். கேட்டுப் படுத்தவனுக்குக் காலையில அந்த வீட்டு மோரும் கெடைக்கும். கேக்காமப் படுத்தவனை நடுராத்திரியில டார்ச் அடிச்சு எழுப்புவாங்க.

எடம் எது? வரிசையா லாரி நிக்கற பெட்ரோல் பங்கு. பங்குல கக்கூஸ், குடிதண்ணி, காத்து மூணும் காசில்லாம வெச்சிருக்கோணும்னு விதியே இருக்குது. மடக்குக் கக்கூஸ் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியே, அதைக் காலையில எங்கே கொட்டுவேன்னு ரோசனை பண்ணுனியா? அந்தக் கேள்விக்கு விளம்பரத்துல பதில் இருக்காது. பங்கு இல்லாட்டி, ராத்திரி முழுக்கத் தொறந்திருக்கற ஓட்டலு. கோயில் வாசல்னா பூசாரியைக் கேளு. நீ பொம்பளப் புள்ளையா இருந்தாலும் இதேதான் அம்மிணி. இட்லிக் கடை வெச்சிருக்கற அக்காகிட்ட, 'இங்கதான் தூங்கறேன், பார்த்துக்கங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அந்த அக்கா ஒரு பார்வை பார்த்தா ஒரு பய வண்டிகிட்ட வர மாட்டான். கதவுக்கு நாலு பூட்டு போடறதைவிட அது கெட்டி.

நிறுத்தக்கூடாத எடமும் சொல்லிடறேன். தென்னை மரத்தடி வேண்டாம். நெழல் நல்லா இருக்கும், ஒரு காய் விழுந்தா உன்ற கண்ணாடி போச்சு. நாமக்கல் சுத்துவட்டாரத்துல தூரத்துல நீளநீளமாக் கூரை போட்ட கட்டடம் தெரியும். ரிசார்ட்டுன்னு நெனச்சு வண்டியைத் திருப்பிராதே, கோழிப்பண்ணை. காத்து திரும்புச்சுன்னா தெரியும். ஈ உனக்கு முன்னால கட்டில்ல படுத்துருக்கும். ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரிப் பக்கமும் அப்படித்தான், கெழங்குத் தண்ணி புளிச்ச வாசம் உன்ற மெத்தையில ஒரு மாசம் குடியிருக்கும்.

காவேரி மணல்ல எறக்கி நிறுத்தலாம்னு மட்டும் நெனைக்காதே. இது வெளையாட்டில்ல. 1934-ல கட்டி முடிச்ச மேட்டூர் அணை, 120 அடி. அது நெறஞ்சா உபரித் தண்ணியைத் தொறந்துதான் ஆகோணும். இங்க ஒரு பொட்டு மழை இருக்காது, கர்நாடகாவுல பெஞ்ச மழை இங்க வரும். 2024 ஆடியில லட்சம் கன அடிக்கு மேல தொறந்து உட்டப்ப குமாரபாளையம், பள்ளிபாளையத்துல கரையோர வீட்டுக்குள்ளயே தண்ணி பூந்துச்சு. வீட்டுக்கே அந்தக் கதின்னா நாலு சக்கரத்துல நிக்கற உன்ற கட்டிலு எந்த மூலைக்கு?

இன்னொண்ணும் வெளையாட்டில்ல. கண்ணாடியை ஏத்திக்கிட்டு உள்ளார அடுப்புப் பத்த வெக்காதே. இஞ்சினை ஓட உட்டு ஏசியைப் போட்டுக்கிட்டுத் தூங்காதே. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில ரோட்டோரமா நிறுத்தியிருந்த கேரவன்ல ரெண்டு பேரு செத்துக் கெடந்தாங்க. ஜெனரேட்டர்ல வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளார பூந்திருக்குது. அதுக்கு நெறமும் கெடையாது, வாசமும் கெடையாது. கெட்ட வாசம் வந்தாலாவது மனுசன் எந்திரிச்சு ஓடுவான். கண்ணாடியை ரெண்டு விரக்கடை எறக்கி, கொசுவலையைக் கட்டிக்கிட்டுப் படு. வேர்த்தா வேர்க்கட்டும்.

மலை ஏறறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஏற்காட்டுக்குச் சேலத்துப் பக்கமிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70. நீ கட்டிலு, மேசை, தண்ணிக் கேனு, பேட்டரின்னு வண்டியில ஒரு குடும்பத்தையே ஏத்தியிருக்கறே. மேல ஏறறப்ப எந்த கியர்ல போனியோ எறங்கறப்பயும் அதே கியர்ல எறங்கு. மேல வர்றவனுக்கு வழி உடு, அது முறை மட்டுமில்ல, சட்டமும்கூட. டீசலோ பெட்ரோலோ மிச்சம் ஆகட்டும்னு நியூட்ரல்ல உட்டவங்க கதையைத் தொப்பூர் கணவாயில போயிக் கேளு. தருமபுரியிலிருந்து சேலம் வர்ற அந்த எறக்கத்துல எத்தனை போர்டு வெச்சும் எத்தனை லாரி கவுந்துருக்குது! சூடேறின பிரேக்கு கோர்ட்டுல பல்டி அடிக்கற சாட்சி மாதிரி. நம்பி நிக்கறப்பத்தான் கையை உடும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஓட்டாதே. சூரியன் உதிக்கறதை மலை மேல புடிக்கோணும்னு தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு ஓடாதே. சூரியன் நாளைக்கும் வரும், அது லீவு போட்டு நான் பார்த்ததில்ல.

சாப்பாட்டு மூட்டையைப் பார்த்தேன். டப்பா நூடுல்ஸ் ரெண்டு டசன், பொடியாக்கின சூப்பு, காய்ஞ்ச பழம். அட கெரகத்தே! சேலத்துல சாயங்காலம் ரோட்டோரத்துல தட்டுவடை செட்டு போடறாங்க. ஆட்டையாம்பட்டியில முறுக்கு. பள்ளிபாளையத்துல வரமொளகாயும் தேங்காச் சில்லும் போட்டுக் கோழி வறுக்கறாங்க. முட்டைக்கு ஊரே இருக்குது. இத்தனையும் ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டு நடுவுல வண்டியை நிறுத்தி நீ சுடுதண்ணியில நூலை ஊற வெச்சுத் திங்கறே. காட்டுக்குள்ள வழி தவறுனவனுக்குக் குடுக்கற தீனியைக் கடைவீதியில உக்காந்து திங்கறதுக்குப் பேருதான் சாகசமா?

நான் கிண்டல் பண்றேன்னு மூஞ்சியைத் தூக்காதே. போறதைத் தப்புன்னு சொல்லல. சுத்துனவன்தான் வீட்டுக்கு வந்து பொண்டாட்டி வெக்கற ரசத்தைக் கொறை சொல்லாமக் குடிப்பான், அது எனக்கே தெரியும். நான் சொன்ன பலகையே கட்டிலுக்குப் போதும். லைட்டுச் சரத்தை உங்கம்மாகிட்டக் குடு, கார்த்திகைக்கு ஆகும். பதிலுக்கு ஒரு நல்ல ஜாக்கி, காத்தடிச்ச ஸ்டெப்னி, சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க ரெண்டு கல்லு, இருபது லிட்டர் தண்ணி, ஒரு டார்ச்சு, ஒரு போர்வை. போன் நம்பரைக் காயிதத்துலயும் எழுதி வெச்சுக்க. தினமும் பொழுதோட எந்த ஊர்ல நிக்கறேன்னு வீட்டுக்குச் சொல்லிரு, ஊரு உலகத்துக்கெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம்.

திரும்பி வர்றப்ப பரமத்தி வேலூர்ப் பக்கம் வந்தீன்னா நம்ம தோட்டத்துல நிறுத்திக்க. வாழைக்கும் வெத்தலைக்கும் நடுவுல களம் இருக்குது, மோட்டார் போட்டா தண்ணி வார்த்துக்கலாம், காசு வேண்டாம். ஆனா ஏழு மணிக்குள்ள வந்து படலுக்கு வெளிய நின்னு கூப்புடு. அதுக்கு மேல நாயை அவுத்து உட்டுருவோம்.